ஆறு மணித் தண்ணீர்

அத்தியாயம் ஏழு

“நான் எழுதலீங்க. எனக்கு எழுத்தே தெரியாதுங்க.”

பாவாயி இதைச் சொன்னபோது மணி பதினொன்றரை. நான்கு மணிக்கு மலைக்குக் கீழே கூட்டம். பனியில் வழி தெரியாமல் யாருடைய மரவள்ளிக் காட்டுக்குள்ளோ இரண்டு முறை வண்டியை விட்டு, அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் இந்த அம்மாள் வாசலைப் பிடித்தால், கிடைத்த பதில் இது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அருள்மொழி மேடத்துக்கு அழுகையெல்லாம் வராது. “பரவாயில்லீங்க. நான் படிக்கிறேன், கேளுங்க” என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தார்.

மேடம் துப்பறிவாளர். நாமக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். நான் விஷ்ணு, அவருடைய உதவியாளர். வண்டி ஓட்டுவது, டீ வாங்கி வருவது, பேசுவது என் வேலை. மூன்றாவது வேலையை மட்டும் யாரும் கேட்காமலே செய்கிறேன். மேடம் தனி ஆள். அவர் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். டம்ளரில் எனக்கு டீ கொடுத்துவிட்டு அவர் ஃபிளாஸ்க் மூடியில் குடித்தார். அன்றிலிருந்து நான் போவதில்லை, மனசு கேட்கவில்லை.

விவகாரம் இதுதான். நீலச்சுனை என்றொரு தனியார் குடிநீர்க் கம்பெனி. இந்த மலைச் சுனையிலிருந்து குழாய் போட்டு அடிவாரத்து நகரத்துக்கும், வழியிலுள்ள மலையூர்களுக்கும் தண்ணீர் விற்கிறது. ஆனால் இஷ்டத்துக்கு விலையை ஏற்றிவிட முடியாது. நகராட்சியில் கட்டணக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் செலவைக் காட்டி மனுப் போட வேண்டும். கம்பெனியும் போட்டது. தண்ணீரைத் தள்ளும் மோட்டாருக்குக் கரண்ட் செலவு எகிறிவிட்டது, ஆகவே கட்டணம் இரண்டு மடங்கு. மனுவை எதிர்க்க மக்களுக்கு முப்பது நாள் அவகாசம். குழாய் இணைப்பு வைத்திருக்கிற ஒரே ஒருவர் எதிர்த்தாலும் போதும், குழு கம்பெனியின் செலவைத் தோண்டித் துருவலாம். ஒருவருமே எதிர்க்காவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அறிவிப்பை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? நகராட்சி ஆபீசில் கழிப்பறைக்குப் போகிற வழியில். அவசரத்தில் போகிறவன் எதைப் படிப்பான்? அவ்வளவு பெரிய ஊரில் ஓர் ஆள்கூட எதிர்க்கவில்லை.

மலையிலிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்திருந்தது, பாவாயி என்ற பேரில். ஆனால் பேருக்குரியவர் கூட்டத்துக்கு நேரில் வந்து ‘இது என் ஆட்சேபனைதான்’ என்று சொன்னால்தான் செல்லும். மூன்று முறை தபால் போட்டும் பதில் இல்லை. பதறிப்போன குழுச் செயலாளர் ஸ்டெல்லா, நேற்று சாயங்காலம் சொந்தப் பொறுப்பில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அந்த மூன்று கவரும் இப்போது பாவாயி வீட்டுக் கூரை இடுக்கில், பிரிக்கப்படாமல், பத்திரமாகச் செருகியிருந்தன.

மேடம் படித்தார்.

“‘ஐயா, நான் தனியாக இருக்கிற பெண்பிள்ளை. இடது முழங்கால் மடங்காது. குழாய் வருவதற்கு முன்பு ஓடைக்கு நூற்று நாற்பது படி இறங்கித் தண்ணீர் தூக்கினேன். கட்டணத்தை ஏற்றினால் என்னால் கட்ட முடியாது. குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். மறுபடியும் அந்தப் படிதான். மோட்டார் செலவு என்கிறார்கள். அது ஒரு நாள்கூட ஓடியதில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் ஜனமெல்லாம் குழாயடியில் நிற்கிறோம். இன்றும் நின்றோம். மோட்டார் இல்லாமலே தண்ணீர் வந்தது. வந்து பாருங்கள். யாராவது ஒருவர் வந்து பாருங்கள்.’”

பாவாயியின் கை தன்னால் இடது முழங்காலுக்குப் போனது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒற்றை அறை வீடு, பின்னால் கொஞ்சம் மிளகுக்கொடி.

“என் வாயில இருந்து புடுங்குன மாதிரி இருக்குதுங்க அம்மிணி. நூத்தி நாப்பது படி, அதுகூட சரி.”

“கட்டணம் ஏறுனா குழாயை வெச்சுக்க முடியுங்களா?”

“எங்கீங்க? மறுக்கா ஓடைக்குத்தான் போகோணும். இந்தக் காலோட படியில உழுந்து கெடந்தா, தூக்கறதுக்குக்கூட ஆளில்லீங்க எனக்கு.” சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

“ஆனா ஒண்ணுங்க” என்றார். “கடுதாசி என்னைக்கு எழுதுனதுங்க?”

“கார்த்திகை இருபத்திரெண்டு.”

இந்த முறை பாவாயி வாய்விட்டே சிரித்தார். “அன்னைக்கு ஊர்ல குஞ்சு குளுவான்கூட இல்லீங்களே! சாமை அறுப்புங்க. காட்டுப்பன்னி உட்டுவெக்குமா? கார்த்திகை பத்துல இருந்து மாசக் கடைசி வரைக்கும், பதினோரு ஊடும் பூட்டிப்போட்டு, நாயையும் கூட்டிக்கிட்டு காட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டோமுங்க. இருவது நாளு. அங்கயே சோறு, அங்கயே தூக்கம். குழாயடியில நின்னோமாம்ல, குழாயடியில!”

மேடம் எழுந்து ஊர் முனைக்குப் போனார். நானும் போனேன். வரிசையாகப் பதினொரு குழாய், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மீட்டர், காலடியில் பெயின்டால் எழுதிய இணைப்பு எண். பாவாயியின் எண்தான் கடிதத்தில் இருந்தது.

“யாருடா விஷ்ணு எழுதியிருப்பா?”

“தபால்காரருங்க மேடம். அவருக்கு எல்லார் விவரமும் அத்துப்படி.”

“இருபது நாள் கதவு பூட்டிக் கிடந்தா தபால்காரருக்குத் தெரியாதா?”

“அப்ப பஸ் கண்டக்டர்.”

“இந்த ஸ்டாப்புல இருபது நாள் ஒரு டிக்கெட்டும் ஏறலன்னா?”

“மளிகைக் கடை... சரிங்க, அவங்களுக்கும் தெரியும். வியாபாரம் படுத்திருக்கும்.” எனக்கு சட்டென்று ஞானோதயம். “ஒருவேளை ஆவியா இருக்குமோ?”

மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. “இந்த ஊரோட கொடுக்கல் வாங்கல் இருக்கிற எல்லாருக்கும் ஊரு காலின்னு தெரியும். இவனுக்குத் தெரியல. ஆனா பாவாயி முழங்கால் தெரியுது. ஆறு மணின்னு தெரியுது. மோட்டார் ஓடலன்னு தெரியுது. இந்த ஊருக்காக தினமும் ஒரு வேலை செய்யறான். ஆனா இந்த ஊரு அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. அப்படி யாரு?”

நான் குழாயைப் பார்த்தேன். பைப் பனிக்குள் நுழைந்து மேட்டில் ஏறி மறைந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே புரிந்துவிட்டது.

“ஏனுங்க பாவாயியக்கா!” என்று கத்தினேன். “தண்ணி தொறந்து உடறது யாருங்க?”

“மேல கம்பெனிக்காரரு ஒருத்தரு இருக்காருங்க கண்ணு. சூசையோ என்னமோ பேருங்க. நம்ம பக்கத்து ஆளில்ல. ஒருக்கா என் மீட்டரு ரிப்பேரு பண்ண வந்தாரு, கெழங்கு வேகவெச்சுக் குடுத்தேன். அதோட சரி.”

* * *

பைப்பைப் பிடித்துக்கொண்டே இருபது நிமிடம் ஏறினோம். மேலே போகப் போகக் கோழிச் சத்தம், ரேடியோச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. நான்கூடப் பேச்சை நிறுத்திவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுனைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் அறை. காலடிச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். ஐம்பது வயது, முழுக்கைச் சட்டை, வழித்து வாரிய தலை. யாருமே வராத இடத்தில் எதற்கு இவ்வளவு படிய வாரியிருக்கிறார் என்று தோன்றியது.

“வாங்க, வாங்க! யாரு நீங்க? எங்கிருந்து வர்றீங்க? உக்காருங்க, டீ போடுறேன்.” கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

மேடம் கட்டணக் குழு என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. விறைப்பாக நின்று ஒப்பித்தார். “நான் சூசைமாணிக்கம், மோட்டார் ஆபரேட்டர். மோட்டார் தினமும் காலையில ரெண்டு மணி நேரம் ஓடும். ரெக்கார்டு இருக்கு.”

“அப்படிங்களா? மோட்டார் ஓடறப்ப அரிசி மூட்டையை எங்க எடுத்து வைப்பீங்க?”

அப்போதுதான் நான் பார்த்தேன். அறையின் நடுவில் மோட்டார். அதன்மேல் அரிசி மூட்டை. மூட்டைமேல் ஜெபப் புத்தகம், சீப்பு, கைக்கண்ணாடி. அடியில் மோட்டாரைச் சுற்றிக் கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. இதற்குத்தான் கரண்ட் செலவு எகிறிவிட்டதாம்! எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

“பாத்தீங்களா மேடம்? சம்பளத்தை வாங்கிக்கிட்டு கம்பெனி பொய்க்குக் காவல் உக்காந்திருக்காரு இவரு!”

“சும்மா இருடா.”

சூசைமாணிக்கம் டீயை ஊற்றினார். இரண்டு டம்ளர்தான் இருந்தது. ஒன்று அடியெல்லாம் கறுத்துப்போனது. மற்றது புத்தம்புதுசு. புதுசை மேடத்திடம் கொடுத்தார். மேடம் அதைத் திருப்பிப் பார்த்தார். கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

“எப்ப வாங்குனீங்க இதை?”

“வந்தப்ப. ரெண்டு வருஷம் ஆச்சு.”

“தனி ஆளுக்கு எதுக்கு ரெண்டு டம்ளர்?”

“யாராவது வந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மேடம் டீயை ஒரு வாய் குடித்தார். “கடுதாசி நல்லா எழுதியிருக்கீங்க சூசைமாணிக்கம். வந்து பாருங்கள்னு ஒருவாட்டி எழுதுனா அது ஆட்சேபனை. யாராவது ஒருவர் வந்து பாருங்கள்னு ரெண்டாவதுவாட்டி எழுதுனீங்க பாருங்க, அது வேற.”

நான் வாயைப் பிளந்துவிட்டேன். கம்பெனிக்கு எதிரான ஒரே கடிதத்தை எழுதியது கம்பெனி ஆளா!

சூசைமாணிக்கம் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மேனேஜர் ரமேஷ்குமார் சார்தான் ரெக்கார்டு எழுதச் சொன்னாரு. எழுதினேன். மனுவோட காப்பி ஒண்ணு இங்க ஒட்ட அனுப்பினாங்க. படிச்சேன். அந்தம்மா ஞாபகம் வந்துச்சு. எனக்குக் குழாய் இணைப்பு கிடையாது, என் பேர்ல எழுதினா செல்லாது. அதான் அவங்க பேர்ல...”

“மோட்டார் இல்லன்னு ஆயிட்டா ஆபரேட்டர் எதுக்கு? உங்க வேலை போயிரும்னு தெரியாதா?”

“தெரியும். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அங்கயும் இப்ப யாருமில்ல. போனா எங்க போறதுன்னு இருக்கத்தான் செய்யுது.” சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஆனா மேடம், இந்த ரெண்டு வருஷத்துல என்னை உக்கார வெச்சு அரை மணி நேரம் பேசினது அந்தம்மா மட்டுந்தான். முழங்காலைப் பத்தித்தான் பேசினாங்க. இருந்தாலும் பேசினாங்கல்ல? அவங்க படியில விழுந்து கிடக்கிற மாதிரியே எனக்குத் தோணிக்கிட்டு இருந்துச்சு.”

நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும். “எல்லாஞ் சரிங்க, அன்னைக்கு ஊரே காலி. இருபது நாள் எல்லாரும் பன்னிக் காவலுக்குப் போயிட்டாங்க. நீங்க காத்துக்கா தண்ணி தொறந்து உட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“காலியா?” என்றார்.

மேடம் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

“இருபது நாளா?” சூசைமாணிக்கம் மெல்ல உட்கார்ந்தார். “நான் தினமும் அஞ்சரைக்கு எந்திரிச்சேனே. ஒரு நாள் காய்ச்சல். ஆறு அஞ்சு ஆயிருச்சுன்னா குளிர்ல நிப்பாங்களேன்னு, தவழ்ந்துபோய் ஆறுக்கே திறந்தேன். இப்ப குடம் வைப்பாங்க, இப்ப பேசிக்குவாங்கன்னு நினைச்சுக்குவேன். பனியில இங்கிருந்து ஒண்ணும் தெரியாது. யாருமே இல்லையா?”

எனக்கு என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. மேடம் அந்தப் புது டம்ளரின் அடியில் இருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். டீ முழுவதையும் குடித்தார். பிறகு, “இன்னொரு டம்ளர் கிடைக்குங்களா?” என்று கேட்டார். அவர் இரண்டாவது டீ கேட்டு நான் பார்த்ததில்லை.

* * *

சூசைமாணிக்கத்தையும் கூட்டிக்கொண்டு இறங்கும் வழியில் ஒரு பாறைமேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைத்தது. ஸ்டெல்லா போனில் மூச்சு வாங்கினார்.

“எழுதினது யாருங்கிறது விதியில இல்ல மேடம். எழுதத் தெரியாதவங்களுக்கு யாரும் எழுதிக் குடுக்கலாம். பேருக்குரியவங்க படிச்சுக் கேட்டு, எது பொய்யோ அதை அடிச்சிட்டு, மிச்சம் என்னோடதுன்னு நேர்ல சொல்லணும். நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் தலைவர் மனுவைப் பாஸ் பண்ணிருவாரு.”

பாவாயி சுலபத்தில் வரவில்லை. சூசைமாணிக்கத்தை வாசலில் நிற்கவைத்து ஒரு பிடி பிடித்தார். “என் பேரு எனக்கு இருக்கற ஒரே சொத்துங்க. கேக்காம எடுக்கலாமுங்களா?”

“தப்புதாம்மா.”

“வந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே!”

“கேக்கத்தான் ரெண்டு தடவை பாதி வழி வந்தேன். என்னன்னு பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம திரும்பிட்டேன்.”

பாவாயி உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மணி ஒன்று ஐம்பது. முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினேன். நான் வண்டி ஓட்டிய லட்சணத்தில் பின்சீட்டில் அவர் எல்லாச் சாமியையும் கூப்பிட்டார், சூசைமாணிக்கம் மாதாவைக் கூப்பிட்டார். மூன்று ஐம்பத்தைந்துக்கு நகராட்சி வாசலில் பிரேக் போட்டேன்.

கம்பெனி மேனேஜர் ரமேஷ்குமார் சூசைமாணிக்கத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார். ஆனாலும் அசரவில்லை. “மோட்டார் இல்லாம அந்தத் தண்ணி ஒரு அடி நகராதுங்க சார். ரெக்கார்டு இருக்கு” என்றார்.

குழுத் தலைவர் பாவாயியைப் பார்த்தார். பாவாயி எழுந்து நின்றார். குழாயடியில் நின்றதாகச் சொன்ன வரியை அடிக்கச் சொன்னார். மீதியெல்லாம் தன்னுடையது என்றார்.

“மோட்டார் ஓடலைன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஐப்பசியில புயல் காத்துங்க. மரம் உழுந்து ஆறு நாளு மலையில கரண்டு இல்லீங்க. ஆறு நாளும் குழாய்ல தண்ணி வந்துச்சுங்க.”

“இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“யாருங்க கேட்டாங்க? தண்ணிக்கு எதுக்குங்க கரண்டு? மேல இருந்து கீழதானுங்களே வருது!”

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மோட்டார் இல்லாமல் தண்ணீர் வராது என்று கீழே இருப்பவர்கள் நம்பினார்கள், மேலே இருப்பவர்களுக்கு மோட்டார் எதற்கென்றே தெரியாது. இந்த இடைவெளியில்தான் கம்பெனி இரண்டு மடங்கைச் செருகியிருந்தது. சூசைமாணிக்கம் எழுந்து, தான் எழுதிய ரெக்கார்டு பொய் என்று சொன்னார்.

கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. செலவு ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டது. மோட்டார், தள்ளுபடி. மோட்டாருக்குக் கரண்ட், தள்ளுபடி.

“அடுத்தது ஆபரேட்டர் சம்பளம்” என்றார் தலைவர். “வால்வு திறக்க அந்த ஊர்லயே யாராவது ஒருத்தர் போதுமே? இதை எதுக்கு ஜனங்க தலையில கட்டணும்?”

நியாயமான கேள்வி. அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்டெல்லாவின் பேனா ஒரு நொடி நின்றது. சூசைமாணிக்கத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஸ்டெல்லா கோடு போட்டார்.

வெளியே வந்ததும் ரமேஷ்குமார் கையை நீட்டினார். சூசைமாணிக்கம் பாக்கெட்டிலிருந்து அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அரிசி இருக்கிறது, ஜெபப் புத்தகம் இருக்கிறது, இரண்டு டம்ளர் இருக்கிறது. நாளை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பாவாயி இதைப் பார்க்கவில்லை. தள்ளுபடி, செலவு இதெல்லாம் அவருக்குப் புரியவும் இல்லை. குழாய் போகாது என்பது மட்டும் புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, முழங்காலைத் தாங்கித் தாங்கி எங்களிடம் வந்தார்.

“ஏனுங்க சூசையண்ணா, எங்க மேலயும் தப்புதானுங்க. பஸ்காரருக்குச் சொன்னோம், கடைக்காரருக்குச் சொன்னோம், உங்களுக்குச் சொல்லோணும்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க. அடுத்த கார்த்திகைக்குக் காவலுக்குப் போறப்ப, மொதல்ல உங்ககிட்ட சொல்லிப்போட்டுத்தான் போவோம்.”

சூசைமாணிக்கத்தின் கை காலிப் பாக்கெட்டுக்குள் போய் எதையோ தேடியது. “சொல்லுங்கம்மா” என்றார். “நான் அங்கதான இருப்பேன்.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.